பத்துக் கோழிக்குஞ்சும் ஐந்து ஃபைலும்

2020 ஜூலை மாதம். இரண்டு தடவை தள்ளிப்போன பொதுத்தேர்தல் ஓகஸ்ட் 5 என்று முடிவாகியிருந்தது. கொரோனா முடக்கம் தளர்ந்து, ஆக்கள் மாஸ்க்கை நாடிக்குக் கீழே இறக்கிவிட்டுக் கதைக்கத் தொடங்கியிருந்த நாட்கள். ஒரு பின்னேரம் எங்கட ஊர் சனசமூக நிலையத்துக்கு முன்னால் ஒரு கன்டர் வந்து நின்றது. பின்னால் ஓட்டை போட்ட மட்டைப் பெட்டிகள். உள்ளே கீச்சுக் கீச்சென்று கோழிக்குஞ்சுகள். வீட்டுக்குப் பத்து. பெனரில் எந்த வேட்பாளரின் படமும் இல்லை, ஏதோ ஒரு நலன்புரி அமைப்பின் பெயர் மட்டும்தான். ஆனால் ஆர் தந்தது என்று ஊரில் ஒரு சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லியிருக்கும். பெட்டி இறக்கின பெடியள் ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் ஒரு விருப்பிலக்கத்தையும் சொல்லிச் சொல்லித்தான் இறக்கினார்கள்.

நாங்கள் ஐந்து பேரும் வாய்க்கால் மதகில் இருந்து இதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். ஐந்து பேரும் ஒரே ஊர், கிளிநொச்சியில் பிரதான வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு குடியேற்றத் திட்டம். ஐந்து பேரும் கம்பஸ் முடித்தவர்கள். ஐந்து பேருக்கும் வேலை இல்லை. எங்களில் ஒருவன் அந்தப் பெட்டியைப் படம் எடுத்து, 'ஒரு வோட்டின் இன்றைய சந்தை விலை: பத்துக் குஞ்சு' என்று பேஸ்புக்கில் போட்டான். நல்ல லைக்ஸ் விழுந்தது. கம்பஸில் படிக்கும்போதும் இப்படித்தான். 2017 ஏப்ரலில் சென்னை ஆர்.கே. நகர் இடைத்தேர்தலைக் காசு விநியோகத்தால் நிறுத்தினார்கள் என்ற செய்தியை விடுதி ரீ.வி.யில் பார்த்துவிட்டு, 2009 திருமங்கலம் இடைத்தேர்தல் தொடக்கம் நடந்த கதையெல்லாம் இழுத்து, 'எங்கட சனம் காசுக்கு வோட்டுப் போடாது' என்று ஒருத்தரை ஒருத்தர் மெச்சிக்கொண்டிருந்தோம்.

மதகில் இருந்து சிரித்துக்கொண்டிருந்த அந்த நேரம் எங்கட ஐந்து ஃபைல்களும் அமைப்பாளர் அண்ணை வீட்டில், ஃபிறிட்ஜுக்கு மேலே, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி இருந்தன. பிறப்புச் சான்றிதழ், ஓ.எல்., ஏ.எல். பெறுபேறு, பட்டச் சான்றிதழ், கிராம சேவையாளர் தந்த வதிவிடச் சான்று, எங்களில் ஒருத்தி ஆறாம் வகுப்பில் 100 மீற்றர் ஓட்டத்தில் மூன்றாம் இடம் வந்ததற்கான சான்றிதழ் உட்பட. அதைப் பற்றி நாங்கள் பேஸ்புக்கில் எதுவும் போடவில்லை.

அந்த வருடம் பட்டதாரிகளைப் பயிலுநர்களாகச் சேர்க்கும் திட்டம் ஒன்றை அரசாங்கம் அறிவித்திருந்தது. மாதம் 20,000 ரூபா கொடுப்பனவு, பயிற்சி முடிந்தால் நிரந்தர நியமனம். நாங்கள் எல்லோரும் விண்ணப்பித்தோம். மார்ச் தொடக்கத்தில் எங்களில் இருவருக்குக் கடிதம் வந்தது. மற்ற மூவரின் பெயர் பட்டியலில் இல்லை. அதில் இருவருக்குக் காரணம் தெரியும். ஒருத்தி வவுனியாவில் ஒரு சுப்பர்மார்க்கெட்டில் ஐந்து மாதம் நின்றவள், இன்னொருவன் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலைத்திட்டம் முடியும்வரை வேலை செய்தவன். இரண்டு பேரின் பெயரிலும் ஈ.பி.எஃப். கணக்கு இருந்தது. ஈ.பி.எஃப். இருந்தால் 'வேலையில் இருப்பவர்' என்று கழித்துவிட்டார்கள். வேலை இல்லாமல் வீட்டில் சும்மா இருந்திருந்தால் வேலை கிடைத்திருக்கும். மூன்றாமவளுக்கு ஏன் வரவில்லை என்பது இன்றைக்கும் தெரியாது.

கடிதம் வந்த இருவரும் சந்தோசப்பட்டு முடிய முதலே, பாராளுமன்றம் கலைக்கப்பட்டதால் தேர்தல் முடியும்வரை நியமனங்களை நிறுத்திவைக்கச் சொல்லித் தேர்தல் ஆணைக்குழு அறிவித்துவிட்டது. ஆணைக்குழு செய்தது சரியான வேலை. தேர்தல் நேரத்தில் வேலை கொடுப்பது வாக்காளருக்குக் கொடுக்கிற இலஞ்சமாகிவிடும் என்பதற்காகத்தான் நிறுத்தினார்கள். ஆனால் அந்த இடைவெளிக்குள் தானே வேறொன்று முளைத்தது. கடிதம் கிடைத்தவர், கிடைக்காதவர் என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் பயந்தோம். 'ஆள் மாறினால் பட்டியலும் மாறும்', 'எங்கட மாவட்டத்துக்கு ஆரும் கதைக்க இல்லாட்டி வெட்டிப்போடுவாங்கள்' என்று கதை பரவியது. அந்தக் கதைகளை ஆர் பரப்பியது என்று நாங்கள் தேடவில்லை. அடுத்த நாள் ஃபைல் வாங்கப் புத்தகக் கடைக்குப் போனோம்.

அமைப்பாளர் அண்ணையைப் பற்றி எழுதாமல் இதை எழுத ஏலாது. அவரைக் கெட்டவர் என்று எழுதிவிட்டுப் போவது லேசு. எங்களுக்கு அது வரவில்லை. ஊரில் ஒரு செத்தவீடு என்றால் தகரப் பந்தலோடும் கதிரையோடும் முதல் ஆளாக வந்து நிற்பவர் அவர்தான். எங்களில் ஒருத்தியின் அம்மாவுக்கு இரவு பதினொரு மணிக்கு நெஞ்சு நோவு வந்தபோது ஓட்டோவை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் அவர்தான், காசு வாங்கவில்லை. கொழும்பிலிருந்து கடிதம் சிங்களத்தில் வந்தால் வாசித்துச் சொல்ல ஊரில் இருந்த ஒரே ஆள். டீ.எஸ். ஒஃபீசில் எந்த மேசையில் எந்தக் கடதாசி தேங்கும், அதை ஆரிடம் சொன்னால் நகரும் என்று எல்லாம் தெரியும். அவர் மூன்று கட்சி மாறியவர். ஊர் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. 'அவர் எந்தக் கட்சியில இருந்தாலும் எங்கட ஆள்தானே' என்பார்கள்.

எங்களில் அரசறிவியல் படித்தவள் ஒருத்தி இருக்கிறாள். அவள் கம்பஸில் இதற்கென்று ஒரு சொல் படித்திருந்தாள்: புரவலர் அரசியல். மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குச் சின்னச் சின்ன நன்மைகள் செய்வார், கீழே இருப்பவர் பதிலுக்கு ஆதரவு கொடுப்பார், இடையில் ஒரு தரகர் நிற்பார். ஆர்ஜென்டீனாவின் தலைநகர் ஓரத்துச் சேரிகளில் இருந்து ஹவியர் ஆயெரோ என்ற சமூகவியலாளர் எழுதியதையும் அவள் வாசித்திருந்தாள். அங்கேயுள்ள தரகர்கள் இதைக் கொடுக்கல்வாங்கல் என்று சொல்வதில்லையாம். மருந்து எடுத்துத் தருவார்கள், சாப்பாட்டுப் பொதி தருவார்கள், பிள்ளைகள்மேல் பாசம் காட்டுவார்கள். வாங்குகிற சனமும் அதை விலை என்று நினைப்பதில்லை, 'எங்களுக்கு உதவுகிற ஆள்' என்றுதான் நினைக்கும். அவள் அதைச் சொன்னபோது எங்களுக்கு அந்த ஓட்டோவும் தகரப் பந்தலும்தான் ஞாபகம் வந்தன. அதே நாட்டை ஆராய்ந்த சூசன் ஸ்டோக்ஸ் என்ற அரசறிவியலாளர் 2005இல் எழுதிய ஒரு கட்டுரையில் இன்னும் கசப்பான ஒரு விசயம் இருக்கிறது. ஜனநாயகத்தில் வாக்காளர்தான் கட்சியைப் பொறுப்புச் சொல்லவைக்க வேண்டும். இங்கே அது தலைகீழாகி, கட்சி வாக்காளரிடம் 'எனக்கு என்ன செய்தாய்?' என்று கணக்குக் கேட்கிறது.

இதெல்லாம் தெரிந்தவளின் ஃபைல்தான் அந்த அடுக்கில் மேலே இருந்தது.

இந்தக் கணக்கு எங்கட நாட்டில் எப்படி ஓடுகிறது என்பது எங்களுக்கு அந்தத் தேர்தலில் வேலை செய்தபோதுதான் விளங்கியது. ஓம், வேலை செய்தோம். ஃபைலைக் கொடுக்கும்போது அண்ணை ஒன்றுமே கேட்கவில்லை. 'இதெல்லாம் நான் பாத்துக்கொள்ளுறன் பிள்ளையள், நீங்கள் யோசிக்காதேங்கோ' என்றார். இரண்டு நாள் கழித்து, 'நோட்டீசில தமிழ் பிழையாக் கிடக்கு, ஒருக்கா பாத்துத் தாறீங்களே?' என்று வந்தார். எங்களில் இருவர் திருத்திக் கொடுத்தோம். பிறகு பேஸ்புக் பக்கம். பிறகு ஒரு கூட்டத்துக்குக் கதிரை அடுக்கல். ஒரு நாளும் 'போடுங்கோ' என்று அவர் வாய்விட்டுக் கேட்டதில்லை.

யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் என்றால் யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் சேர்ந்தது. 2020இல் ஏழு ஆசனம், ஒரு பட்டியலில் பத்து வேட்பாளர். கட்சிக்கு ஒரு புள்ளடி போட்டு, அதே பட்டியலில் மூன்று பேருக்கு விருப்பு வாக்குப் போடலாம். ஒரே மேடையில் கைகோர்த்து நிற்கிற பத்துப் பேரும் மேடையை விட்டு இறங்கினவுடன் ஒருத்தரை ஒருத்தர் வெட்டத் தொடங்குவார்கள். கொள்கை எல்லோருக்கும் ஒன்றுதானே! அப்போது 'எனக்கு ஏன் போட வேண்டும்' என்பதற்குக் காட்ட அவர்களிடம் இருப்பது தனிப்பட்ட உதவி மட்டும்தான். நான் போட்ட றோட்டு, நான் எடுத்துத் தந்த வேலை, நான் தந்த கோழிக்குஞ்சு. கட்சிக்குத் தெரியாமல் உள்ளே நடக்கிற அந்தச் சண்டைக்குத்தான் அமைப்பாளர்கள் தேவைப்படுகிறார்கள்.

'ஆர் ஆருக்குப் போட்டது எண்டு எங்களுக்குத் தெரியும்' என்று ஒரு பயமுறுத்தலும் ஊரில் எப்போதும் உலாவும். வாக்கு இரகசியமானது, தனி ஒருவர் போட்டதை அவர்கள் அறிய வழியில்லை. ஆனால் ஊர் போட்டதை அறியலாம். 2018 உள்ளூராட்சித் தேர்தலிலிருந்து வட்டார முறை வந்துவிட்டது. வட்டாரம் வட்டாரமாக முடிவு வெளியாகும். அந்தத் தாளை அண்ணை மடித்து சேட் பொக்கற்றில் வைத்துக்கொண்டு திரிந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம். 'உங்கட பக்கத்தில எங்களுக்கு விழேல்லை எல்லே' என்று கிறவல் றோட்டுக் கேட்டுப் போனவர்களிடம் அந்தத் தாளை விரித்துக் காட்டினார்.

இது அவர் கண்டுபிடித்த முறை இல்லை. எங்கட அம்மப்பா 'சிற்' என்று ஒரு சொல் சொல்லுவார். எழுபதுகளில் அரச வேலை என்றால் எம்.பி.யிடம் இருந்து ஒரு துண்டு கொண்டுபோக வேண்டும், அதுதான் சிற். 1977க்குப் பிறகு வந்த அரசாங்கம் 'ஜொப் பாங்க்' என்று அதையே ஒழுங்கான திட்டமாக்கியது, வேலைக்கான படிவங்களை எம்.பி.மாரின் கையிலேயே கொடுத்து. ஏழைகளுக்கான உதவித் திட்டங்களும் அப்படித்தான். 1989இல் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி, ஆட்சி மாறப் பெயரும் மாறும். தெற்கில் ஜே.வி.பி.யின் இரண்டாவது கிளர்ச்சி இரத்தத்தில் அடக்கப்பட்ட காலத்தில், இளைஞர் ஏன் இப்படிக் கொந்தளித்தார்கள் என்று ஆராய ஒரு ஜனாதிபதி ஆணைக்குழு அமைத்தார்கள். 1990இல் வந்த அதன் அறிக்கை, அரசியல்மயமாக்கலையும் அரசியல் அதிகாரத் துஷ்பிரயோகத்தையும் முக்கியமான காரணங்களாகக் காட்டியது. சாட்சி சொன்னவர்கள் அதில் ஏறக்குறைய ஒருமித்த கருத்தோடு இருந்தார்களாம். வேலைக்கு எம்.பி.யின் கடிதம் கேட்டு அலைந்த சிங்களக் கிராமத்துப் பெடியளின் கோபமும் அதற்குள் இருக்கிறது. எங்கட பக்கத்தில் தரப்படுத்தலைப் பற்றிப் பேசுகிறோம், அது பேசவேண்டியதுதான். அவர்களும் ஒரு ஃபைலோடு வாசலில் நின்றவர்கள் என்பதை எங்களுக்கு ஆரும் சொல்லித் தரவில்லை.

பெரிய அளவில் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2015 ஜனாதிபதித் தேர்தலின் 'சில்' துணி வழக்கு இருக்கிறது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 600 மில்லியன் ரூபாவில், விகாரைக்கு உடுத்திப் போகிற வெள்ளைத் துணி தேர்தலுக்குச் சற்று முதல் விநியோகிக்கப்பட்டது. 2017இல் மேல் நீதிமன்றம் அப்போதைய ஜனாதிபதியின் செயலாளருக்கும் ஆணைக்குழுவின் பணிப்பாளர் நாயகத்துக்கும் சிறைத்தண்டனை விதித்தது. 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. 1981ஆம் ஆண்டின் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டத்தில் இலஞ்சம் என்பதற்கு இருக்கிற விளக்கத்தையும் நாங்கள் பிறகு வாசித்தோம். வாக்குக்காகப் பொருளோ காசோ கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். வேலை எடுத்துத் தருவதாக வாக்குறுதி கொடுப்பதும் அதே பிரிவுக்குள்தான் வருகிறது. கோழிக்குஞ்சையும் நியமனக் கடிதத்தையும் சட்டம் ஒரே தட்டில்தான் வைத்திருக்கிறது. பிரித்து வைத்தது நாங்கள்தான்.

அந்தத் தேர்தலில் ஊருக்குள் இரண்டு வகைப் பேச்சு இருந்தது. ஒன்று அபிவிருத்தி, மற்றது உரிமை. உரிமை பேசியவர்கள் கோழி வாங்கின சனத்தைச் 'சலுகைக்கு விலைபோனவர்கள்' என்று மேடையில் ஏசினார்கள். நாங்களும் உரிமையின் பக்கம் நின்ற ஆக்கள்தான், இப்போதும்தான். ஆனால் எங்கட ஊரில் 2009க்குப் பிறகு திரும்பி வந்து தறப்பாள் கொட்டிலில் இருந்த ஒரு பொம்பிளைக்கு ஒரு மலசலகூடம் கிடைப்பது சலுகையா? அது அவவின் உரிமை. அதை அரசாங்கம் உரிமையாகக் கொடுத்திருந்தால் அண்ணைக்கு அங்கே வேலையே இருந்திருக்காது. உரிமையைப் பெரிய சொல்லாக மேடையில் வைத்துக்கொண்டு, மலசலகூடத்தையும் கிணற்றையும் சலுகை என்று தள்ளிவிட்டதால், அந்த இடம் முழுக்க அமைப்பாளர்களின் காணியாகிவிட்டது. உரிமை பேசிய கட்சிக்காரர்களும் அதற்கு முதல் 'கம்பெரலிய' போன்ற திட்டங்களுக்கு வீதிப் பட்டியல் பரிந்துரைத்தவர்கள்தானே.

நாங்கள் கோழி மாமி என்று கதைக்கிற ஒரு மாமி இருக்கிறா. அந்தப் பத்துக் குஞ்சில் ஒன்பதைத் தப்பவைத்து, இரண்டு வருடத்தில் முட்டை விற்றே மகளுக்கு ரியூசன் காசு கட்டினவ. தேர்தல் முடிந்த கிழமை அவவிடம், 'மாமி, கோழி தந்தவருக்கோ போட்டனீங்கள்?' என்று பகிடியாகக் கேட்டோம்.

'கோழி தந்தவருக்கு வேணுமெண்டா நாலு முட்டை குடுப்பம். வோட்டு எனக்கெல்லோ தந்தது' என்றா.

செப்டெம்பரில் நிறுத்திவைத்த நியமனங்களை விடுவித்தார்கள். எங்களில் இருவர் வேலைக்குப் போனார்கள். மற்ற மூவரின் மேன்முறையீடும் பிந்தி ஒரு நாள் சரிவந்தது. கடிதம் வந்த அன்றைக்கே பின்னேரம் அண்ணையின் கோல். 'தங்கச்சி, வந்திட்டுதெல்லோ? நான் சொன்னனான்தானே.' எங்களுடன் படித்த இன்னொருத்தி பரந்தன் பக்கம் இருக்கிறாள். அவளுக்கும் ஈ.பி.எஃப். பிரச்சினைதான். அவளுக்கு ஒரு அமைப்பாளரையும் தெரியாது. தபால் கந்தோரில் பதிவுத் தபாலில் மேன்முறையீட்டை அனுப்பிவிட்டு வீட்டில் இருந்தவள். அவளுக்கும் அதே பட்டியலில், அதே நாளில் வந்தது. அண்ணை கோல் எடுக்கும்போது எங்களுக்கு அது தெரியும். ஆறு மாதம் ஃபிறிட்ஜுக்கு மேலே கிடந்த ஃபைலைத் திரும்ப எடுக்கப் போனபோது கோழி மாமி வீட்டு வாசலைத் தாண்டித்தான் போனோம். ஃபைலில் இருந்த ஒரு கடதாசிகூட இடம் மாறியிருக்கவில்லை. நாங்கள் வைத்த கிளிப் அப்படியே இருந்தது.

ஆனாலும் 'நன்றி அண்ணை' என்றோம். ஒரு பெட்டி கேக்கும் கொண்டுபோனோம்.

அடுத்த வருடம் ஊருக்குள் ஒரு கொங்கிறீட் றோட்டு வந்தது. பெயர்ப்பலகையில் 400 மீற்றர் என்று இருந்தது. மாதர் சங்கத்துப் பொம்பிளையள் கொடிக் கயிற்றில் முடிச்சுப் போட்டு அளந்தார்கள். 310 மீற்றர்கூட வரவில்லை. றோட்டு முடிந்த இடம் அண்ணையின் மச்சான் வீட்டுப் படலை. அதற்கு அங்கால் இருக்கிற பதினொரு வீட்டுக்கும் மாரியில் வெள்ளம். சங்கம் டீ.எஸ்.ஸுக்கு ஒரு முறைப்பாட்டுக் கடிதம் எழுதியது. எழுதித் தரச் சொல்லி எங்களிடம் வந்தார்கள். 'நீங்கள் படிச்ச பிள்ளையள், நல்ல தமிழில எழுதுவியள்.' கையெழுத்தும் வேண்டும் என்றார்கள்.

அன்றைக்கு இரவு எங்களில் ஒருவன் தாபனக் கோவையைத் தேடி எடுத்தான். அரச உத்தியோகத்தர் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று எழுதி இருக்கிற புத்தகம். அதை நாங்கள் முதன்முதலாக வாசித்தது அன்றைக்குத்தான், எங்களுக்குச் சாதகமான ஒரு வசனத்தைத் தேடி. 'நாங்கள் இப்ப அரச ஊழியர், இப்படியான விசயங்களில தலையிட ஏலாது மாமி' என்று அடுத்த நாள் சொன்னோம். ஒரு றோட்டுக் குறைவாக இருக்கிறது என்று எழுதுவது அரசியல் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். பயிற்சிக் காலம் முடியவில்லை, நிரந்தரமாக்கும் பட்டியல் இன்னும் வரவில்லை, எங்களில் ஒருத்தி அந்த டீ.எஸ். ஒஃபீசிலேயே பயிலுநராக இருந்தாள். எங்களுக்கு ஒன்றும் தராத ஒருவருக்கு நாங்கள் பயந்துகொண்டிருந்தோம்.

மாமியின் மகள், அப்போது ஓ.எல். படிக்கிற பிள்ளை, கடிதத்தை எழுதினாள். 23 பேர் கையெழுத்து வைத்தார்கள். முதல் கையெழுத்து கோழி மாமியின். மிச்சத் தூரத்துக்குக் கொஞ்சம் கிறவல் கொட்டினார்கள், அவ்வளவுதான். 2022இல் பொருளாதார நெருக்கடி வந்து, அரிசியும் மாவும் சனத்துக்கு எட்டாத நேரம், அண்ணையின் ஆக்கள் மூலம் உலர் உணவுப் பொதி வந்தது. மாமியின் பெயர் பட்டியலில் இல்லை. எங்கட ஐந்து வீட்டுக்கும் பொதி வந்தது. எங்கட அம்மாக்கள் வாங்கி வைத்தார்கள். எங்களில் ஒருத்தியின் அம்மா தங்கட பொதியில் பாதியை இரவில் மாமி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தா. ஏன் இரவில் என்று நாங்கள் கேட்கவில்லை.

2023இல் சமுர்த்தியின் இடத்துக்கு அஸ்வெசும வந்தது. 22 அளவுகோல்களை வைத்துப் புள்ளி போட்டு ஆளைத் தெரிவுசெய்கிற முறை. அதிலும் பிழைகள் நிறைய, முதல் பட்டியலைப் பார்த்து நாடு முழுக்கச் சனம் கத்தியது. ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. பெயர் இல்லாவிட்டால் மேன்முறையீடு செய்ய ஒரு படிவமும் ஒரு கடைசித் திகதியும் இருந்தன. மாமியின் பெயர் முதல் பட்டியலில் இல்லை. நாங்கள் போய்ச் சனசமூக நிலைய வாங்கிலில் இருந்து படிவம் நிரப்பினோம். மாமிக்கு மட்டுமில்லை, கேட்ட எல்லோருக்கும். மூன்று பின்னேரம் எடுத்தது. ஃபோன் வெளிச்சத்தில் கியூ.ஆர். குறியீட்டைத் தேடிக்கொண்டு, அடையாள அட்டை இலக்கத்தைக் கத்திக் கேட்டுக்கொண்டு. பிராயச்சித்தம் என்று சொன்னால் கொஞ்சம் கூடிப்போகும். மாமி றோட்டுக் கடிதத்தைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை, பிளேன்ரீ ஊற்றித் தந்தா.

சில மாதம் கழித்து மாமிக்கு வறியோர் பிரிவில் 8,500 ரூபா வரத் தொடங்கியது. அந்தக் கிழமையே அண்ணை மோட்டார் சைக்கிளை மாமியின் படலையில் நிறுத்தினார். நாங்களும் அங்கே நின்றோம். 'அக்கா, நான்தான் மேல கதைச்சு எடுத்தது' என்றார்.

'ஓம் தம்பி, சந்தோசம்' என்றா மாமி. அவர் போன பிறகு எங்களைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினா.

நாங்கள் நன்றி சொன்னபோது கண்ணைச் சிமிட்ட எங்களுக்கு ஆரும் இருக்கவில்லை. நாங்கள் உண்மையாகவே சொன்னோம். அதுதான் எங்களை அரிக்கிறது.

2024இல் பலதும் மாறியது. தேர்தல் செலவுகளை ஒழுங்குபடுத்த 2023இல் வந்த சட்டத்தின்படி, ஜனாதிபதித் தேர்தலில் வேட்பாளர் ஒருவர் வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபாதான் செலவழிக்கலாம் என்று உச்சவரம்பு வந்தது. வருடக் கணக்காகப் பிந்தி வருகிற கோழியையும் றோட்டையும் எந்தப் பற்றுச்சீட்டில் எழுதுவது என்று எங்களுக்கு விளங்கவில்லை. நவம்பர் 14 பொதுத்தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனத்தில் மூன்று, ஊர்ப்பக்கம் கன்டர் ஏதும் அனுப்பாத தேசிய மக்கள் சக்திக்குப் போனது. பார் பெர்மிட் ஆருக்கு ஆர் எடுத்துக் கொடுத்தது என்ற கதையில் சனம் வெறுத்துப்போயிருந்தது. அண்ணை இரண்டு மாதம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. 'எல்லாம் முடிஞ்சுது' என்று நாங்கள் மதகில் இருந்து கதைத்தோம். 2025 மே மாதம் உள்ளூராட்சித் தேர்தலுக்கு ஒரு சுயேச்சைக் குழுவின் நோட்டீஸோடு வந்தார். தமிழ் இந்த முறையும் பிழையாகத்தான் இருந்தது. திருத்தச் சொல்லிக் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கிழமை ஊரில் ஒரு செத்தவீடு. பந்தலைப் போட்டது அவர்தான்.

போன மாதம் மாமியின் மகள் வந்தாள். அந்த முறைப்பாட்டுக் கடிதம் எழுதின பிள்ளை. இப்போது ஒரு டிப்ளோமா முடித்துவிட்டு வேலை தேடுகிறாள். கையில் நீல நிற ஃபைல். ஒரு அரச பதவிக்கான வர்த்தமானி அறிவித்தலைக் காட்டினாள். நாங்கள் இரண்டு மணித்தியாலம் இருந்து விண்ணப்பத்தை நிரப்பினோம். தகைமை சரி, வயது சரி. போட்டிப் பரீட்சைக்குக் கடந்தகால வினாத்தாள் எங்கே எடுக்கலாம் என்று சொன்னோம். பதிவுத் தபாலில் போடு, பற்றுச்சீட்டை ஃபோனில் படம் எடுத்து வை, ஆரிடமும் ஃபைலைக் கொடுக்காதே என்றோம். எங்கட கேக் பெட்டிக் கதையையும் ஒளிக்காமல் சொன்னோம். அவள் சிரித்தாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். செருப்பைப் போட்டுக்கொண்டு படலைவரைக்கும் போனவள் திரும்பி வந்தாள்.

'எல்லாம் சரி அக்கா. இருந்தாலும் ஒரு பாதுகாப்புக்கு அந்த அண்ணையின்ர நம்பரையும் தாங்கோவன்.'

ஐந்து பேரின் ஃபோனிலும் அந்த நம்பர் இருந்தது. கொடுத்தோம்.